இறுகாத ஒரு வரிசைக் கல்

நம் நடைபாதைக் கல்லுக்குச் சாம்பல் எத்தனை பங்கு, சிமெண்ட் எத்தனை பங்கு என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது கலவை மிஷினுக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்ட முடியாத விஷயம் ஏதாவது இருந்தால் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதியதைத் திரும்பப் படித்தால் பயந்துபோய்க் கிழித்துவிடுவேன். அதனால் படிக்காமலே கொடுத்தனுப்புகிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் கன்னியம்மா. யார்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பேஜாரு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லுக்குத் தண்ணீர் காட்டும் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராக வெளியே வந்தேன். நடுவில் இருந்த காலம் முழுக்கப் பயந்துகொண்டேதான் இருந்தேன். மழை வந்தால் பயம், வராவிட்டால் பயம். தார்ப்பாய் கட்டினோமா, மோட்டார் அணைத்தோமா என்று வீட்டுக்குப் போன பிறகு திரும்பி வந்து பார்த்த நாட்கள் உண்டு.

ஒருமுறை லோடு ஏறிப் போன லாரியைப் போன் போட்டுச் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டேன். அடியில் வைத்த கல் இறுகாமல் பச்சையாக இருந்த மாதிரி ஒரு சந்தேகம். அத்தனையும் இறக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டிரைவர் ஒரு வாரத்துக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் சக்கரத்தைத் தட்டிக் காட்டி, "யக்கா, இது காத்து கரெக்டா கீதா பாத்து சொல்லு" என்பார். எனக்கு முன்னால் சூப்பர்வைசராக இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீ பயப்படு, பரவால்ல. ஆனா பயந்த உடனே கத்தாத. இன்னாத்துக்குப் பயம்னு உன்னையே ஒரு வாட்டி கேளு. பதில் வந்தா கத்து. வரலன்னா போயி அந்தக் கல்லத் தொட்டுப் பாரு" என்றார். அவர் சொன்னது எனக்கு உதவியது பிறகு ஒரு கோடையில். அதைத்தான் எழுத வந்தேன்.

அந்தக் கோடையில் மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் ஒரு நடைபாதைக்கு நம்மிடம் கல் கேட்டிருந்தார்கள். உப்புக் காற்றுக்கு வெறும் சிமெண்ட் கல்லைவிடச் சாம்பல் சேர்த்த கல் தாங்கும் என்று அவர்களே கேட்டு வாங்கியது. விழா ஒன்று வருகிறது, அதற்குள் பாதை முடிய வேண்டும் என்று காண்ட்ராக்டர் காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். மேனேஜர் சார் போனைக் காதில் வைத்தபடியே சாப்பிடுவார்.

எப்போதும் நமக்குச் சாம்பல் அனல் மின் நிலையத்திலிருந்து மூடிய டேங்கர் லாரியில்தான் வரும். குழாய் மாட்டிக் காற்றால் தள்ளினால் நேராக சைலோ தொட்டிக்குள் போய்விடும். கை படாது. அந்த வாரம் டேங்கர் வரவில்லை. மேனேஜர் அங்கே இங்கே அலைந்து, ஒரு வியாபாரியிடம் சாம்பலை மூட்டையாக வாங்கிப் போட்டார். எல்லாம் பழைய சாக்குகள். சிலது சிமெண்ட் வந்த பை, சிலது சணல் சாக்கு. சாம்பல் நல்ல சாம்பல்தான். தர சோதனைக்கு இருந்த பெண் ஜெசிந்தா ஒரு மூட்டையைப் பிரித்துச் சலித்துப் பார்த்து, சரி என்றாள். செய்யூர்ப் பக்கத்துப் பெண். அவள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவள். படித்த படிப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத பெண்.

கலவை மிஷினில் நின்றவன் ஏழுமலை. அந்த மிஷின் வந்த நாளிலிருந்து அதில் நிற்பவன். அவன் கலக்கியதை ரப்பர் அச்சில் ஊற்றி, அதிரும் மேஜையில் வைத்து எடுத்து, வரிசையாக அடுக்கிவிட்டு, திங்கட்கிழமை மாலை வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் அச்சைத் தட்டினால் கல் முழுசாக விழ வேண்டும். விழவில்லை. முதல் அச்சைக் கவிழ்த்த பெண், "இன்னாடி இது, களி மாதிரி வருது" என்றாள். இரண்டாவது அச்சு, மூன்றாவது அச்சு, எல்லாம் அப்படியே. கல் பாதி அச்சிலும் பாதி தரையிலும். யாரோ சிரித்தார்கள். மேனேஜர் வருவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சாம்பல் கல் மெதுவாக இறுகும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒரு இரவு கழிந்தும் அச்சிலிருந்து எடுக்க முடியாத அளவுக்கு மெதுவாக இறுகுவது இல்லை. மேனேஜர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பிசைந்தார்.

"ஏழுமலை, நேத்து சிமெண்ட் எவ்வளவு போட்ட?"

"எப்பவும் போடறதுதான் சார்."

"எப்பவும் போடறதப் போட்டிருந்தா எப்பவும் போல இறுகியிருக்கணும்ல?"

ஏழுமலை பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், யாருக்கோ சொல்வது போல எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது. "வூடு கட்டிகினு கீறான் இல்ல."

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சிமெண்டும் சாம்பல் நிறம், சாம்பலும் சாம்பல் நிறம். ஒரு மூட்டை சிமெண்டை ஓரம் கட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு மூட்டை சாம்பலைக் கொட்டினால் கலவையைப் பார்த்து எவனாலும் சொல்ல முடியாது. செங்கல் சூளையில் மண்ணைத் திருடினால் தெரியும். நம் தொழிலில் திருட்டு மறுநாள் காலையில்தான் தெரியும், அதுவும் திருட்டு என்று எழுதிக்கொண்டு வராது. அதனால் கல் இறுகவில்லை என்றால் எல்லார் கண்ணும் முதலில் போவது மிஷினில் நிற்கிறவன் மேல்தான்.

என் கண்ணும் போனது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வழியாகப் போயிருந்தேன். ஜன்னல் மட்டம் வரை சுவர் எழும்பியிருந்தது. பக்கத்தில் சிமெண்ட் மூட்டைகள், நாம் யார்டில் வாங்கும் அதே கம்பெனி. எல்லாக் கடையிலும் கிடைக்கும் கம்பெனிதான். ஆனாலும் அந்த மூட்டைகள் என் கண்ணுக்குள்ளேயே நின்றன.

மேனேஜர் முடிவு சொல்லிவிட்டார். எல்லா அச்சையும் தட்டிக் கழுவி இன்றைக்கே மறுபடி ஊற்ற வேண்டும், மிஷினில் வேறு ஆள் நிற்க வேண்டும், ஏழுமலை வீட்டுக்குப் போக வேண்டும். "சனிக்கிழமைக்குள்ள நீயா வந்து உண்மையச் சொல்லிடு. இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்."

"சார், நான் எடுக்கல சார்."

"சொல்லிட்டேன். போ."

அவன் கையுறையைக் கழற்றி மிஷின் மேல் வைத்தான். படாளத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் எத்தனை யார்டு இருக்கிறது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சிமெண்ட் திருடினான் என்று ஒரு பேச்சு வெளியே போனால் அப்புறம் அவனை எந்த மிஷின் பக்கத்திலும் விடமாட்டார்கள். அவனுக்கு வேறு வேலையும் தெரியாது.

ஆட்கள் அச்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னாத்துக்குப் பயம் என்று என்னையே கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் உட்கார்ந்து ஒரு கல்லைத் தொட்டேன். கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். நகம் உள்ளே போனது. அதில்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. சிமெண்ட் குறைந்த கல்லை நான் பார்த்திருக்கிறேன். அது புட்டு மாதிரி உதிரும், நகத்தில் மணல் ஒட்டும். இது உதிரவில்லை. அமுங்கியது. ஈரம் அப்படியே இருந்தது, அப்போதுதான் ஊற்றின மாதிரி.

மேனேஜரிடம் போய் நின்றேன். "சார், ஒரு வரிசை மட்டும் தட்டாம வுட்டு வைங்க."

"எதுக்கு?"

"தெரியல சார்."

"தெரியலன்னா என்னம்மா அர்த்தம்? அச்சு இல்லாம நான் எதுல ஊத்துறது?"

"சிமெண்ட் கம்மின்னா உதிரணும் சார். இது அமுங்குது. இன்னாத்துக்கு அமுங்குதுன்னு தெரியல."

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவளும் ஒரு துண்டை உருட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கும் தெரியல சார்" என்றாள். "ஆனா எல்லாத்தையும் கொட்டிட்டா, அப்புறம் தெரிஞ்சிக்கவே முடியாது."

காண்ட்ராக்டரின் போன் அடித்தது. மேனேஜர் அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வரிசை. சனிக்கிழமை வரைக்கும். நடுவுல அச்சு பத்தலன்னா அதையும் தட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

கேட் வரை ஏழுமலையுடன் போனேன். சைக்கிளை எடுத்தவன் திரும்பி, "நீ ஒருத்தியாச்சும் எனக்காகப் பேசுனியேக்கா" என்றான். நான் அவனுக்காகப் பேசவில்லை. நான் அவனை நம்பவும் இல்லை. தப்பாகப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாதே என்ற பயத்தில் பேசினேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வரிசையைக் கூரைக்குக் கீழே நிழலில் தள்ளி, மேலே ஈரச் சாக்கு போட்டேன். வெயில் தரையிலிருந்தே எழும்பி அடிக்கிற நாட்கள் அவை. தண்ணீர் காய்ந்துவிட்டால் இறுக வேண்டியதும் இறுகாது. வேலைக்கு நடுவில் ஓடி ஓடித் தண்ணீர் தெளித்தேன். ஆட்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"பேஜாரு அக்கா செத்த கல்லுக்குப் பால் தெளிக்குது பாரு."

"காரியத்துக்கு எங்களுக்கும் சொல்லி அனுப்புக்கா, சாப்பாடு போடுவ இல்ல?"

சாயந்தரம் ஏழுமலை போன் செய்தான். "கல்லு எப்டி கீதுக்கா?" பெரியாஸ்பத்திரியில் சேர்த்த ஆளைக் கேட்பது போலக் கேட்டான். நகம் வைத்துப் பார்த்திருந்தேன். "அப்படியேதான் இருக்கு" என்றேன்.

அடுத்த நாள் காலைதான் மோசமான காலை. புது ஆள் மிஷினில் நின்று ஊற்றிய கல்லெல்லாம் அச்சிலிருந்து முழுசாக விழுந்தன. அதே மணல், அதே சிமெண்ட், அதே வியாபாரியின் சாம்பல். மாறினது ஆள் மட்டும்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"பாத்தியாம்மா" என்றார் மேனேஜர். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அவருக்கும் ஏழுமலையைப் பிடிக்கும்.

அவ்வளவுதான், அவன்தான் எடுத்திருக்கிறான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அன்றைக்கு மாலையும் போன் வந்தது. "கல்லு எப்டி கீதுக்கா?" எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன். "அமுங்குதுடா." "தண்ணி வுட்டியா?" என்றான். "வுட்டேன்" என்றேன்.

வியாழக்கிழமை மதியம் மேனேஜர் அந்த அச்சுகளைக் கேட்டார். அடுத்த லோடுக்கு அச்சு பத்தவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டேன். சண்டை போட எனக்கு என்ன இருக்கிறது? சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தட்டிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். அதற்குள் வரிசையின் மேலிருந்த சாக்கு காய்ந்து கிடந்தது. எப்படியும் தட்டப் போகிற கல்தான். ஆனாலும் காயவிட மனசு வரவில்லை. பழக்க தோஷம். சாம்பல் காலி செய்து போட்டிருந்த சாக்குக் குவியலிலிருந்து ஒரு சணல் சாக்கை இழுத்தேன், நனைத்துப் போடலாம் என்று.

கையில் சுருக்கென்று கடித்தது. உதறினேன். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு எறும்பு.

ஜெசிந்தா அங்கேதான் மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னக்கா?"

"எறும்பு. சாக்கு முழுக்க எறும்பு."

அவள் எடுத்த சோற்றை வாயருகில் நிறுத்தினாள். "சாம்பல் சாக்குல எறும்பு எதுக்குக்கா வருது?"

எனக்கு அது உறைக்கவே இல்லை. எறும்பு கடித்தது மட்டும்தான் தெரியும். அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்து சாக்கின் மூலைத் தையலைப் பிரித்தாள். சாம்பலோடு சேர்ந்து கட்டியாக ஏதோ இறுகியிருந்தது. அதைக் கிள்ளி என்னிடம் நீட்டினாள். நாக்கில் வைத்தேன். முதலில் சாம்பல். பிறகு இனிப்பு.

"சர்க்கரை மூட்டை" என்றேன். "மளிகைக் கடைச் சாக்கு."

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, சர்க்கரை பட்டா சிமெண்ட் இறுகாது. காலேஜ்ல படிச்சிருக்கேன். ரொம்ப வேணாம், ஒரு கைப்பிடி ஒரு கலவைக்குப் போதும்." அதன்பின் தன்னிடமே பேசுவதுபோல், "நான் பிரிச்சுப் பார்த்தது சிமெண்ட் பையில வந்த சாம்பல். ஒரே ஒரு மூட்டை" என்றாள்.

"அப்ப நேத்து கல்லு எப்படி இறுகுச்சி?"

இரண்டு பேரும் எழுந்து மிஷின் பக்கம் போனோம். புது ஆள் காலி செய்த சாக்குகள் அங்கே தனியாகக் கிடந்தன. எல்லாம் சிமெண்ட் பைகள். கைக்கு எட்டினதை எடுத்துக் கொட்டியிருக்கிறான். ஏழுமலைக்குத் திங்கட்கிழமை எட்டியது சணல் சாக்கு. அவ்வளவுதான் விஷயம்.

நீங்களாக இருந்தால் அந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். என் புத்தி வேறு. "சர்க்கரை விழுந்தது நிஜம். அவன் சிமெண்டும் எடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் யோசித்தாள். "சர்க்கரை சிமெண்டத் தூங்க வைக்கும்க்கா, சாகடிக்காது. உள்ள சிமெண்ட் சரியா இருந்தா, ஈரம் காயாம இருந்தா, தாமதமா எழுந்து இறுகிடும். சிமெண்ட் இல்லன்னா எழாது."

"எப்ப எழும்?"

"தெரியல. சர்க்கரை ரொம்ப ஆயிருந்தா எழாமலே போனாலும் போகும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு அடுத்த இரண்டு நாளும் சாப்பாடு இறங்காமல் செய்தது. அவன் நியாயஸ்தனாக இருந்து, கல் எழாமல் போய்விட்டால்?

மேனேஜரிடம் சாக்கைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவரும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்தார். முகம் மாறியது. அந்தச் சாம்பலை வாங்கியது அவர். "அப்ப நான் வாங்குனதுதான் தப்புன்னு சொல்ல வர்றீங்களா?"

"சோதிச்சு சரின்னு சொன்னது நான் சார்" என்றாள் ஜெசிந்தா. "ஒரே ஒரு மூட்டையப் பிரிச்சு."

அவர் சணல் சாக்குகளை எல்லாம் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். அந்த அச்சுகளைத் திரும்பக் கேட்கவில்லை. "சனிக்கிழமை பார்ப்போம்" என்றார். ஏழுமலையைக் கூப்பிட்டு அனுப்பவும் இல்லை. எனக்கே முழுசாக நிச்சயம் இல்லாதபோது அவரை எப்படிக் குறை சொல்வது?

வரிசையின் மேல் இருந்த சாக்கை எல்லாம் எடுத்துத் தூர எறிந்தேன். அதிலும் சர்க்கரை இருந்தால்? வீட்டிலிருந்து என் பழைய புடவை இரண்டைக் கொண்டுவந்து அலசி, பிழிந்து, மேலே போர்த்தினேன். ஆட்கள் அதற்கும் ஏதோ சொன்னார்கள். காதில் விழவில்லை. ஏழுமலை போன் செய்தபோது எறும்பைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லி, கல் எழாவிட்டால் அது இன்னும் கொடுமை. "தண்ணி வுட்டுகினு இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை நகம் உள்ளே போகக் கொஞ்சம் தடுமாறின மாதிரி இருந்தது. என் ஆசையோ என்னவோ என்று மறுபடி தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் நான் வந்தபோது ஏழுமலை கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஸ்டேஷனுக்குப் போனாலும் சரி, மிஷினுக்குப் போனாலும் சரி என்பது போல. என்னைப் பார்த்தான், எழவில்லை.

உள்ளே மேனேஜரும் ஜெசிந்தாவும் வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். வேலைக்கு வந்தவர்களும் சுற்றி வந்துவிட்டார்கள். புடவையை எடுத்தேன். கல்லின் நிறம் வெளுத்திருந்தது. ஆனால் காய்ந்தாலும் அப்படித்தான் வெளுக்கும். கட்டைவிரலை வைத்தேன். அழுத்தப் பயந்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அமுக்கும்மா" என்றார் மேனேஜர்.

அமுக்கினேன். போகவில்லை. பக்கத்துக் கல்லில் வைத்து இன்னும் பலமாக அமுக்கினேன். நகம் முறிந்து பாதிக்குக் கிழிந்தது. வலித்தது. என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு நல்ல வலி எனக்குக் கிடைத்ததில்லை.

மேனேஜரே குனிந்து ஒரு அச்சைக் கவிழ்த்துத் தட்டினார். கல் முழுசாக விழுந்தது, முனை கூட உடையவில்லை. இன்னொன்றையும் எடுத்து இரண்டையும் மோதினார். ஓசை டங்கென்று வந்தது. பச்சைக் கல்லுக்கு அந்த ஓசை வராது. ஜெசிந்தா பிறகு ஒரு கல்லைச் சோதனை மிஷினில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். மற்றக் கல் தாங்குவதை இதுவும் தாங்கியது, கொஞ்சம் கூடவே தாங்கியது. சிமெண்ட் முழுசாக உள்ளேதான் இருந்தது.

சுற்றி நின்றவர்களில், வீடு கட்டுகிறான் என்று அன்றைக்குச் சொன்ன குரல் யாருடையது என்று நான் தேடவில்லை. எல்லாரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் கேட்டுக்கு நடந்தார். "ஏழுமலை, உள்ள வா."

ஏழுமலை கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். "டீ குடிச்சிகினு கீறேன் சார். முடிச்சிட்டு வரேன்."

அவர் அங்கேயே நின்றார். அவன் நிதானமாகக் குடித்து முடித்தான். மன்னிப்பு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டில் நின்று காத்திருந்தாரே, அதுதான்.

மாமல்லபுரத்துக்குக் கல் தாமதமாகப் போனது. காண்ட்ராக்டர் பேசிய பேச்சை மேனேஜர் முழுசாக வாங்கிக்கொண்டார், ஆட்கள் மேல் தள்ளவில்லை. அந்த நடைபாதையில் இப்போது நீங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கலாம், கல் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு சாம்பல் மூட்டையில் வந்தால் எல்லா மூட்டையையும் பிரித்துத்தான் எடுப்பது என்று வந்தது. ஊற்றுகிற ஒவ்வொரு லாட் கல்லிலும் ஒரு வரிசையை அச்சோடு ஓரமாக விட்டு வைக்கிறோமே, அச்சு பத்தவில்லை என்று நீங்கள் முணுமுணுக்கிறீர்களாமே, அதுவும் அப்போது வந்ததுதான். நல்ல லாட் என்றாலும் விடுங்கள். எந்த வரிசை யாரைக் காப்பாற்றும் என்று அன்றைக்குத் தெரியாது.

ஏழுமலை வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பை விடும்போதுதான் கவனித்தேன். படிக்கு முன்னால் தரையில் பதித்திருந்தது அந்த ஒரு வரிசைக் கல். மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான்.

"வா யக்கா, வா. திருடன் வூட்டுக்கு வந்துட்ட" என்றான்.

செருப்பை ஒதுக்கக் குனிந்தவள், எனக்கே தெரியாமல் கட்டைவிரலைக் கல்லில் வைத்து அழுத்தியிருக்கிறேன். அவன் பார்த்துவிட்டான்.

"இன்னும் நம்பிக்கை வரலியா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, "அன்னிக்கே தெரியும்க்கா. போன்ல ஒரு வாட்டி கூட, நீ எடுத்திருக்க மாட்டடான்னு நீ சொல்லல" என்றான்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாண்டா. எனக்கு நிச்சயமா தெரியல."

"என்னிய நம்புனவங்க அல்லாரும் வூட்டுக்கு வந்து பொலம்பிட்டுப் போனாங்க. ஒருத்தரும் போயி அந்தக் கல்லுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தல" என்றான் ஏழுமலை. "உள்ள வா, பந்தி ஆரம்பிச்சிட்டாங்க. சோறாவது வெந்துச்சான்னு சந்தேகப்படாம சாப்புடு."